ராக்கு சூளையில் செம்பு

மண்பாண்டங்களைச் சூளையில் அடுக்கி, தீயைச் சிறுகச் சிறுக ஏற்றி, வெந்தபின் சூளை தானாக ஆறும்வரை பொறுத்திருந்து பிரிப்பதே உலகெங்கும் குயவர்களின் வழக்கம். அவசரப்பட்டுப் பிரித்தால் பானை கீறிவிடும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். இப்பாடத்தை வேண்டுமென்றே மீறும் முறைக்கு ராக்கு என்று பெயர். ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மேற்பூச்சு உருகிப் பளபளத்து, பாண்டம் முழுவதும் தணலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே அதை நீண்ட இடுக்கியால் பற்றி வெளியே எடுத்து, மரத்தூளோ சருகோ காகிதமோ இட்ட தகரப் பீப்பாயில் வைத்து மூடிவிடுவது இன்றைய மட்கலைப் பட்டறைகளில் வழங்கும் ராக்கு. மேற்பூச்சில் செம்பு கலந்திருந்தால், ஆறியபின் அதே பாண்டத்தின் ஒரு பக்கம் புதுச் செப்புக் காசாக மின்னும். மறுபக்கம் மயில்நீலமாகவும், இடையிடையே ஊதாவாகவும் பொன்னிறமாகவும் பச்சையாகவும் தோன்றும். இதை நெருப்பின் திருவிளையாடல் என்று சொல்லி முடித்துவிடுவது ராக்கு பற்றி எழுதுவோரிடையே வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். செம்பின் நிறத்தைத் தீர்மானிப்பது நெருப்பைவிடக் காற்று. அந்தக் காற்றை எப்போது அடைப்பது, எப்போது, எத்தனை நொடி திறப்பது என்பதில்தான் கலைஞரின் கைத்திறன் அடங்கியிருக்கிறது.

ராக்கு பிறந்தது ஜப்பானின் கியோட்டோ நகரில், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். தேநீர்ச் சடங்கை ஆடம்பரத்திலிருந்து விலக்கி எளிமையின் பக்கம் திருப்பியவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் மனத்தில் இருந்த கிண்ணத்தை மண்ணில் செய்து கொடுத்தவர் சோஜிரோ. 1574ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட, சோஜிரோ செய்த சிங்க உருவம் ஒன்று இன்றும் இருக்கிறது. சீன மூவண்ண மெருகு மரபோடு அவர் குடும்பத்துக்குத் தொடர்பு உண்டு என்பர். அக்காலத்து ஆட்சியாளர் தொயொதோமி ஹிதேயோஷி அளித்த முத்திரையிலிருந்தே ராக்கு என்ற பெயர் அக்குடும்பத்துக்கு வந்தது என்பது மரபுவழிச் செய்தி. சக்கரத்தில் வனையாமல், மண்ணைக் கையாலேயே எழுப்பி, கரண்டி போன்ற கருவியால் சீவி வடிவமைத்த அந்தக் கிண்ணங்கள் இரண்டு கைகளுக்குள் அடங்குபவை. மண் முழுமையாக இறுகாமல் நுண்துளைகளோடு இருப்பதால், உள்ளே இருக்கும் சூடு மெதுவாகவே விரல்களை எட்டும்.

கறுப்பு ராக்குக் கிண்ணத்தின் பூச்சுக்குக் கியோட்டோ வழியாக ஓடும் காமோ ஆற்றின் கல்லை இடித்துப் பயன்படுத்தினர். துருத்தியால் ஊதிக் கனற்றிய கரி உலையில் கிண்ணத்தை வைத்து, பூச்சு உருகியதும் இடுக்கியால் எடுத்து வெளிக்காற்றில் ஆறவிடுவர். திடீரென்று ஆறுவதால்தான் அந்தக் கறுப்பின் ஆழம் கிடைக்கிறது. இன்று 16ஆம் தலைமுறையாக, குடும்பத் தலைவர் ராக்கு கிச்சிசாயெமோன் என்ற பட்டப்பெயரோடு, அந்த வீட்டில் தொழில் தொடர்கிறது. அங்கே புகைப் பீப்பாய் கிடையாது. செம்பின் வானவில்லும் கிடையாது. உலகின் பிற பகுதிகளில் ராக்கு என்ற பெயரோடு விற்கப்படுபவற்றுக்கும் இந்தத் தேநீர்க் கிண்ணங்களுக்கும் பொதுவாக எஞ்சியிருப்பது, தணலாக இருக்கும்போதே வெளியே எடுப்பது என்ற செயல் ஒன்றே. ஒரு குடும்பத்தின் பெயர் இப்படி ஒரு செய்முறையின் பெயராகிப் போனது முறைதானா என்ற கேள்வி நியாயமானது என்றாலும், பெயர் நிலைத்துவிட்டது.

ராக்கு கடல் கடந்த வழியும் தெளிவாகவே தெரிகிறது. செதுக்கோவியம் கற்பிக்கும் எண்ணத்தோடு 1909இல் ஜப்பான் சென்ற ஆங்கிலேயர் பெர்னார்ட் லீச், 1911இல் டோக்கியோவில் ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டார். விருந்தினர் தாமே தூரிகையால் ஓவியம் தீட்டிய பாண்டங்களை அங்கேயே சிறு சூளையில் சுட்டு, சற்று நேரத்தில் கையில் கொடுக்கும் ராக்கு விருந்து அது. லீச் அதன்பின் குயவரானார். 1940இல் அவர் வெளியிட்ட ‘எ பாட்டர்ஸ் புக்’ என்ற நூலில் ராக்குக்கும் இடம் கொடுத்தார். 1960இல் கலிஃபோர்னியாவில் மட்கலை கற்பித்துக்கொண்டிருந்த பால் சோல்ட்னர் (1921–2011), சாண்டா பார்பராவில் நடந்த கைவினைக் கண்காட்சி ஒன்றில் செய்து காட்டுவதற்காக அந்த நூலைத் துணைகொண்டு சிறு சூளை அமைத்தார். வெளியே எடுத்த பாண்டங்கள் பகட்டான நிறத்தோடு, அவர் எதிர்பார்த்த முதிர்ச்சி இல்லாமல் இருந்தன. புகை பட்டால் மாறுமோ என்று, அருகே உதிர்ந்து கிடந்த பெப்பர் மரத்துச் சருகுகளில் கனலும் பாண்டத்தை உருட்டினார். (நம் மிளகுக்கொடிக்கும் இந்தத் தென்னமெரிக்க மரத்துக்கும் பெயரளவில்தான் உறவு.) சருகு பற்றி எரிந்து எழுப்பிய புகை, பூச்சின் கீறல்களில் கருமையாக இறங்கியது. அமெரிக்க ராக்கு என்று இன்று வழங்குவது அந்தச் சருகுக் குவியலிலிருந்து வளர்ந்ததே. சோல்ட்னர் கொலராடோ மலைப்பகுதியில், ஆஸ்பென் அருகே பட்டறை அமைத்து வாழ்ந்தவர். 1966இல், கால்நடைப் பண்ணையாக இருந்த இடத்தில் ஆண்டர்சன் ராஞ்ச் கலை மையம் உருவாகவும் அவரே முன்னின்றார்.

பண்ணைக்கும் மலைக்கும் இந்தக் கலை இடம்பெயர்ந்ததற்குக் காரணம் இயற்கை மேல் கொண்ட காதல் மட்டும் அன்று. மரத்தூள் புகை அடர்த்தியானது, கண்ணை எரிப்பது. ஆளுயரத் தீநாக்கு அவ்வப்போது எழும். எரிவாயு உருளை அருகிலேயே நிற்க வேண்டும். அடுத்த வீட்டுச் சன்னல் பத்தடியில் இருக்கும் தெருவில் இவை எதுவும் நடக்காது. நாலாபுறமும் வெற்றுத்தரையும், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்த் தொட்டியும், காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் ஒதுங்கி நிற்க இடமும் உள்ள கிராமத்துப் பட்டறையே ராக்குக்குப் பொருத்தமான களம்.

அப்படிப்பட்ட பட்டறைகளில் காணும் சூளை மிக எளிமையானது. 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, உட்புறம் முழுவதும் 25 மில்லிமீட்டர் கனமுள்ள செராமிக் ஃபைபர் போர்வையை (உருகிய களிமண் கனிமங்களைப் பஞ்சுபோல் இழையாக்கிச் செய்த வெப்பக்காப்பு) விரித்து, வெப்பம் தாங்கும் நிக்ரோம் கம்பியாலும் பீங்கான் பொத்தான்களாலும் தைத்துவிடுவர். மேலே புகை போக ஒரு துளை, கீழே பர்னரின் தீ நுழைய ஒரு துளை. தீச்செங்கல் மேடையில் பாண்டங்களை வைத்து, இந்தப் பீப்பாயைத் தொப்பி கவிழ்ப்பது போலக் கவிழ்த்துவிட்டால் சூளை தயார். வெந்தபின் இருவர் இருபுறமும் கைப்பிடியைப் பற்றித் தூக்க, அல்லது கப்பியும் கயிறும் மேலே இழுக்க, கனலும் பாண்டங்கள் மேடையில் அப்படியே நிற்கும். எரிவாயுவை வேகமாக இழுக்கும்போது உருளை குளிர்ந்து, அதன் புறத்தே வெண்பனி படிந்து, அழுத்தம் விழுந்துவிடும். ஆதலால் உருளையைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவைப்பது பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் காட்சி.

எல்லா மண்ணும் இந்தச் சோதனையைத் தாங்கிவிடாது. களிமண்ணோடு இயல்பாகவே கலந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் 573 டிகிரியைக் கடக்கும்போதெல்லாம் தன் உட்கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது. சூடேறும்போது சற்றே விரிந்து, ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. கனஅளவில் அது ஏறத்தாழ ஒரு சதவீதந்தான் என்றாலும், பானையின் வாய் 500 டிகிரியிலும் அடி 700 டிகிரியிலும் இருக்கும் நிலையில் அந்த ஒரு சதவீதமே அதைப் பிளக்கப் போதும். ஆகையால் ராக்கு மண்ணில் சுட்ட ஓட்டை இடித்துச் சலித்த பொடியை ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கலந்து பிசைவர். ஏற்கெனவே சுருங்கி முடிந்த அந்தப் பொடித்துகள்கள், விரிவுக்கும் சுருக்கத்துக்கும் இடம்விட்டு, தோன்றும் நுண்கீறல் மேலும் ஓடாமல் தடுத்து நிறுத்துகின்றன. உருவம் காய்ந்தபின் முதலில் பூச்சின்றி ஏறத்தாழ 1000 டிகிரிக்கு மெதுவாகச் சுட்டு ஆறவைப்பர். இந்த முதற்சூட்டில் பானை கெட்டிப்பட்டு, அதே சமயம் பூச்சை உறிஞ்சும் அளவு நுண்துளைகளோடும் இருக்கும்.

கிளேஸ் என்று கலைஞர்கள் சொல்லும் மெருகுப்பூச்சு, பானையின் மேல் உருகிப் படியும் கண்ணாடியே. கண்ணாடிக்கு அடிப்படையான சிலிக்கா தனியே உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும்; ராக்கு சூளையோ 1000 டிகிரியைச் சுற்றியே நிற்பது. இந்த இடைவெளியை நிரப்ப, உருகுநிலையைக் கீழே இழுக்கும் போரான், சோடியம் ஆகியவற்றின் சேர்மங்களைச் சேர்ப்பர். அமெரிக்கப் பட்டறைகளில் ஜெர்ஸ்ட்லி போரேட் என்ற கலிஃபோர்னியக் கனிமம் நீண்ட காலம் இதற்குப் பயன்பட்டது. எண்பது பங்கு அந்தக் கனிமமும் இருபது பங்கு நெஃபலின் சயனைட் போன்ற கல்பொடியும் கொண்ட கலவை ராக்கு கற்போர் கைக்கு முதலில் வரும் சூத்திரம். ஃபிரிட் எனப்படும், முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடியையும் பயன்படுத்தலாம்.

இதில் செம்பு இரண்டு விதமாக நுழைகிறது. பளபளக்கும் பூச்சு வேண்டுமானால், கண்ணாடிக் கலவையின் எடையில் சில சதவீதம் மட்டும் செம்பின் சேர்மத்தைக் கலப்பர். ‘காப்பர் மேட்’ என்று கலைஞர்கள் அழைக்கும் பளபளப்பற்ற பூச்சிலோ கணக்கு தலைகீழ். பத்தில் எட்டு ஒன்பது பங்கு செம்புச் சேர்மம், அது பானையில் ஒட்டி நிற்பதற்கு மட்டும் ஒன்றிரண்டு பங்கு ஃபிரிட். இரண்டுக்கும் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது காப்பர் கார்பனேட் என்ற வெளிர்பச்சைப் பொடி. புழங்காமல் பரணில் கிடந்த செப்புக் குடத்தின் மேல் ஏறும் களிம்பும் இந்தச் சேர்மத்தின் உறவே. சூளையில் சூடேறும்போது 300 டிகிரிக்குள்ளாகவே அது நீரையும் கரியமில வாயுவையும் விட்டு, எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்து, கறுப்பான காப்பர் ஆக்சைடாக மாறிவிடுகிறது.

ஆக்சிஜனோடு செம்புக்கு உள்ள உறவு மூன்று நிலைகளில் அமைகிறது. ஓர் அணு செம்புக்கு ஓர் அணு ஆக்சிஜன் என்று நிறைவாகச் சேர்ந்திருப்பது கறுப்பு ஆக்சைடு. அது கண்ணாடியில் கரைந்தால், சோடியம் மிகுந்த பூச்சில் மயில்நீலமாகவும் பிற பூச்சுகளில் பச்சையாகவும் தெரியும். பழைய எகிப்தியர் மணிகளிலும் சிற்றுருவங்களிலும் காணும் நீலப்பச்சை இவ்வகையே. இரண்டு அணு செம்புக்கு ஓர் அணு ஆக்சிஜன் என்று குறைந்திருப்பது சிவப்பு ஆக்சைடு. ஆக்சிஜன் முழுவதும் நீங்கினால் எஞ்சுவது வெறும் செம்பு. அது கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகச் சிதறினால் குருதிச் சிவப்பும், மேற்பரப்பில் படலமாகப் படிந்தால் உலோகப் பளபளப்பும் கிடைக்கும். சீனாவில் மிங் அரசர் சுவான்டே காலத்தில் (1426–1435) புகழ்பெற்ற செம்புச் சிவப்புப் பீங்கானும், 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் தோன்றிப் பின் பாரசீகத்துக் காஷான் நகரில் செழித்த, செம்பும் வெள்ளியும் கொண்டு தீட்டிய ஒளிர்மெருகுப் பாண்டங்களும் இதே வேதியியலில் நின்றவை. அந்தக் குயவர்கள் சூளைக்குள்ளேயே புகையெழுப்பி மணிக்கணக்கில் செய்ததை, ராக்கு பட்டறை சூளைக்கு வெளியே சில நிமிடங்களில் செய்கிறது.

ஆக்சிஜனைச் செம்பிடமிருந்து பிரிக்கும் வேலையைச் செய்வது பீப்பாய்க்குள் உண்டாகும் வாயுக்கள். தணலான பானை மரத்தூளில் பட்டதும் அது பற்றி எரிகிறது; மூடியை அடைத்தவுடன் உள்ளிருக்கும் காற்றின் ஆக்சிஜன் நொடிகளில் தீர்ந்துவிட, எரிய வழியில்லாத மரத்தூள் வெந்து கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் கரித்துகள் நிறைந்த புகையையும் வெளிவிடுகிறது. ஆக்சிஜனுக்கு ஏங்கும் இந்த வாயுக்கள், வேறு வழியின்றிப் பூச்சிலுள்ள காப்பர் ஆக்சைடிலிருந்து அதைப் பறித்துக்கொள்கின்றன. வேதியியல் பாடநூல்களில் ஆக்சிஜன் ஒடுக்கம் என்று சொல்லப்படுவது இது. பூச்சில்லாத இடங்களில் கரித்துகள் மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கி, தேய்த்தாலும் போகாத கருமையாகத் தங்கிவிடும். ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி அகழாய்வுகளில் கிடைத்துள்ள கறுப்பு–சிவப்புப் பானைகளின் உட்புறக் கருமைக்கும், வாயைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கரி படிந்ததே காரணம் என்று தொல்லியலாளர் பொதுவாக விளக்குவர். அந்த வகையில் ராக்கு பீப்பாயின் அறிவு தமிழ் நிலத்துக் குயவர்க்கு அன்னியமானதன்று.

இனி, கணக்கு முழுவதும் அடங்கியிருக்கும் அந்தச் சில நிமிடங்களைக் காணலாம். சூளையின் மேல்துளை வழியே பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்குப் பூச்சு முதலில் வறண்டு, மங்கலாக இருக்கும். உருகத் தொடங்கியதும் குமிழ்கள் எழுந்து கொதிப்பது போலத் தோன்றும். குமிழ்கள் அடங்கி, மேற்பரப்பு சமனாகி, எதிரே இருக்கும் செங்கல்லின் நிழல் அதில் தெளிவாகத் தெரிந்தால் பூச்சு பக்குவமாகிவிட்டது. வெப்பமானி காட்டும் எண்ணைவிட இந்த நிழலையே அனுபவமுள்ளோர் நம்புவர். காப்பர் மேட் பூச்சில் கண்ணாடி குறைவாதலால் பளபளப்பு எழாது. அதற்கு வெப்பமானியும், பக்கத்தில் வைத்த வேறொரு பூச்சிட்ட பானையும் துணை.

பர்னரை அணைத்துச் சூளையைத் தூக்கிய கணத்திலிருந்து வெப்பம் விழத் தொடங்குகிறது. வெண்பூச்சில் கீறல் வலை வேண்டுவோர், பானையை இடுக்கியில் பிடித்தபடி சில நொடிகள் வெளிக்காற்றில் நிறுத்துவர். கண்ணாடிப் பூச்சு மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கி, மெல்லிய கிணிங் ஒலியோடு வெடிக்கும் ஓசை காதில் விழுந்தபின் புகைக்குள் வைத்தால், கீறல்கள் கறுத்து வலைப்பின்னலாகத் தெரியும். செம்புப் பூச்சுக்கோ தாமதம் ஆகாது. பூச்சு இளகிய நிலையிலும் செம்பு சூடாகவும் இருந்தால்தான் ஆக்சிஜன் எளிதில் பிரியும். இடுக்கியோடு ஐந்தாறு அடி கூடுதலாக நடக்க நேர்ந்தாலே பச்சை அப்படியே உறைந்துவிடக்கூடும். எனவே செம்புப் பானைக்கான பீப்பாய் சூளையை ஒட்டியே இருக்கும். பலர் நிமிர்ந்த பீப்பாயை விட்டு, ஈரமணல் பரப்பின்மேல் சிறிதளவு காகிதத்தைக் குவித்து, அதில் பானையை வைத்துத் தகர டப்பாவைக் கவிழ்த்து, விளிம்பை மணலில் புதைத்து அழுத்திவிடுவர். காற்று புகும் வழி முற்றாக அடைபடுவதற்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு இல்லை. டப்பா பானைக்கு மிகப் பெரிதாக இருந்தால் உள்ளே மிகுந்திருக்கும் காற்று தீர நேரமாகும். மிகச் சிறிதாக இருந்தால் புகை சுழல இடமிருக்காது. டப்பாவைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி நிறம் முடிவாகிவிடுகிறது எனலாம்.

அப்படியே விட்டுவிட்டால் கிடைப்பது பெரும்பாலும் செப்புச் சிவப்பு மட்டுமே. வானவில் நிறங்களுக்கு அடுத்த படி தேவை. உள்ளே செம்பு உலோகமாக மாறியபின், டப்பாவின் விளிம்பை ஓரிரு விரற்கடை தூக்கி, இரண்டு மூன்று நொடி காற்றை உள்ளேவிட்டு மீண்டும் அழுத்துவர். சூடான செம்பின் மேல் அந்த ஒரு வாய்க் காற்றிலிருந்து மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஏறுகிறது. ஒரு மயிரிழையின் தடிமனில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்கே கனமுள்ள அப்படலத்தின் மேற்புறத்திலிருந்து திரும்பும் ஒளியும், அடியிலுள்ள செம்பிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுத்து, சில நிறங்கள் அழிந்துவிடுகின்றன. மழை நின்ற சாலையில் சிந்திய டீசல் நீர்மேல் நிறம் காட்டுவதும் இதே இயற்பியல்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் பொன்னிலிருந்து சிவப்பு, ஊதா, நீலம் என்று நகர்ந்துகொண்டே போகும். டப்பா தூக்கப்பட்ட பக்கம் காற்று முதலில் படுவதால் அங்கே நீலமும், மறைவான பக்கம் செம்பொன்னும் நிற்பதற்குக் காரணம் இதுவே. திறந்தது சற்று நீண்டுவிட்டால் படலம் தடித்து நிறங்கள் எல்லாம் மறைந்து, பானை கறுப்புக்கோ பச்சைக்கோ திரும்பிவிடும். விரும்பிய நிறம் வந்த நொடியில் பானையை எடுத்துத் தண்ணீர் தெளித்தோ தொட்டியில் அமிழ்த்தியோ குளிரவைத்தால், வேதிவினை நின்று நிறம் அங்கேயே நிற்கும். தண்ணீரில் இறங்கும் பானை சீறி நீராவி எழுப்புவதும், சிலசமயம் இரண்டாகப் பிளந்துபோவதும் பட்டறையில் எவரையும் திடுக்கிடச் செய்வதில்லை.

இங்கே தற்செயலுக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. பூச்சின் கனம் தூரிகை போன போக்கில் மாறும். காகிதம் பானையின் எந்தப் பகுதியில் ஒட்டி எரிந்தது என்பதை எவரும் முன்கூட்டியே குறிக்க முடியாது. ஆயினும் அதே மண், அதே பூச்சு, அதே டப்பா, அதே அளவு காகிதம் என்று வைத்துக்கொண்டு நொடிகளை மட்டும் மாற்றி, விளைவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வரும் கலைஞர், தாம் விரும்பும் நிறத்தைப் பத்துக்கு ஏழெட்டு முறையேனும் நெருங்கிவிட வாய்ப்புண்டு. எல்லா நிறங்களும் ஒரே பானையில் வந்து நிற்பதைத் திறமையின் உச்சமாகக் கருதும் போக்கும் உண்டு. உண்மையில் அது காற்றை ஆள முடியாமையின் அறிகுறியாகவே பலமுறை இருக்கிறது. கழுத்திலிருந்து வயிறு வரை செம்பு மட்டும், தோளில் கையகல நீலம் என்று நிற்கும் பானையே செய்தவரின் கட்டுப்பாட்டைக் காட்டுகிறது.

உடல்நலம் பற்றிய எச்சரிக்கைகளைத் தட்டிக்கழிக்க இயலாது. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. கூரைக்கொட்டகைக்குள்ளோ சுவர்கள் சூழ்ந்த முற்றத்திலோ ராக்கு சுடுவது ஆபத்தானது. செம்புப் பொடியைக் கலக்கும்போது முகமூடி தேவை. பூச்சைத் தெளிப்பானால் அடிப்பவர்க்கு அது இரட்டிப்புத் தேவை. பலமுறை சூடேறிய செராமிக் ஃபைபர் நொறுங்கி, நுரையீரலை அரிக்கும் நுண்தூசாகக் காற்றில் கலக்கக்கூடும் என்பதால் பழைய போர்வையை ஈரப்படுத்தாமல் பிரிக்கக் கூடாது. மரத்தூளும் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று கேட்டு வாங்க வேண்டியது. ஒட்டுப்பலகை அறுத்த தூளிலும், கரையான் மருந்து ஏற்றிய மரத்தூளிலும் உள்ள வேதிப்பொருள்கள் எரிந்து நஞ்சாகும். பருத்தி உடை, தோல் கையுறை, முகக்கவசம் ஆகியவற்றோடு, இடுக்கி பிடிப்பவர், மூடி பிடிப்பவர், தண்ணீரோடு நிற்பவர் என்று வேலையை முன்பே பிரித்துக்கொண்டு, சூளை குளிர்ந்திருக்கும்போதே வெறும் பானையை வைத்து ஒத்திகை பார்ப்பது நல்ல பட்டறைகளின் பழக்கம்.

வாங்குவோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. செம்பு ராக்கு பாண்டம் சமையலுக்கோ சாப்பாட்டுக்கோ ஆகாது. மண் முழுமையாக இறுகாததால் தண்ணீர் கசியும். கீறல்களில் உணவு தங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தளர்வாகக் கட்டுண்ட செம்பைப் புளிப்பு எளிதில் கரைத்துவிடும். ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் மோரோ புளிக்குழம்போ வைக்கக் கூடாது என்று வீடுகளில் சொல்வதற்கு எது காரணமோ, அதுவே இதற்கும் காரணம். தேநீர் அருந்துவதற்கென்று பிறந்த ஒரு கலை, செம்பைச் சேர்த்துக்கொண்டபின் எதையும் அருந்த முடியாத பாண்டங்களைச் செய்வதாக மாறியிருக்கிறது. பூச்சாடியாக வைக்க விரும்புவோரும் உள்ளே கண்ணாடிக் குழாய் வைத்து, அதில்தான் நீர் ஊற்ற வேண்டும்.

நிறமும் நிலையானதன்று. பளபளப்பான பூச்சில் செம்பு கண்ணாடிக்குள் ஓரளவு அடைபட்டிருப்பதால் நீண்ட காலம் தாங்கும். காப்பர் மேட்டில் அது காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது; சூளையில் பறித்த ஆக்சிஜனைச் சாதாரண அறைவெப்பத்திலேயே சிறிது சிறிதாக மீட்டுக்கொள்கிறது. ஈரம் மிகுந்த கடற்கரை ஊரில் இது விரைவாகவும், வறண்ட ஊரில் மெதுவாகவும் நடக்கும். சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ ஊதாவும் நீலமும் மங்கி, பழுப்பும் பச்சையும் மேலோங்கும். அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாகத் தெளிப்பதும், மெழுகு தேய்ப்பதும் இதைத் தள்ளிப்போடுமே தவிர முற்றாகத் தடுக்காது; வார்னிஷ் பூசியவுடன் நிறத்தின் உயிர்ப்பே சற்றுக் குறைந்துவிடுகிறது என்று அதைத் தொடவே மறுக்கும் கலைஞர்களும் உண்டு. விற்கும்போதே இதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. வெயில் படாத, கை அடிக்கடி படாத இடத்தில் வைக்குமாறு எழுதிக் கொடுப்போரும் உள்ளனர்.

மங்கிப்போன பானையைக் கலைஞரிடமே திருப்பிக் கொண்டுவந்தால் அதை மீண்டும் சுட இயலும். வார்னிஷ் பூசியிருந்தால் சூளையின் தொடக்கச் சூட்டிலேயே அது எரிந்துவிடும். பச்சையாகிப் போன செம்பு மறுபடி கறுப்பு ஆக்சைடாகி, டப்பாவுக்குள் மறுபடி ஆக்சிஜனை இழந்து, மறுபடி நிறம் கொள்ளும். முதலில் இருந்த நிறந்தான் வரும் என்ற உறுதியை எவரும் தருவதில்லை. 573 டிகிரியை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கூடிக்கொண்டே போகும் என்பதால், இரண்டாம் முறை தாங்கிய பானை மூன்றாம் முறை இடுக்கியிலேயே உடைந்துவிடுவதுண்டு. எனவே அந்தப் பொறுப்பு பானைக்கு உரியவருடையது என்று முன்பே பேசிக்கொண்டுதான் பட்டறைகள் மறுசூட்டுக்கு ஒப்புக்கொள்கின்றன.